தொங்கல் காம்பராச் சுவர்

போன சனிக்கிழமை பலாங்கொடை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது டர்பன்டைன் வாசம் வந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவன் ஏணியில் ஏறி நின்று, ஆள் உயரத்தைத் தாண்டிய பலகையில் ஒரு சிப்பாயின் தொப்பிக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தான். என் கழுத்து தன்பாட்டுக்குத் திரும்பி உன்னைத் தேடியது. நீ இருந்த காலத்தில் உன் சட்டையில், தலைமயிரில், நீ பிசைந்து வைத்த சோற்றில்கூட அந்த நாற்றம்தான். "கையக் கழுவிட்டுச் சோத்துல வையிடி" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். செத்துப்போனவளைத் தேடுகிற கழுத்தை என்ன செய்வது சொல்? பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அத்தை உன் சுவருக்கு ஏன் சுண்ணாம்பு அடித்தாள் என்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பயந்து அடித்தாளா, உனக்காக அடித்தாளா? அதற்குத்தான். நீ இல்லாத நேரமாகப் பார்த்துக் கிடைத்திருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டே வளர்ந்தவள். அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க எனக்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் இருந்தே வருகிறேன். எனக்கு நடுவில் இருந்து பேச வராது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் உங்களுடையது தொங்கல் காம்பரா, வரிசையின் கடைசி வீடு. அடுத்தது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரைக்கும் எட்டாது. உங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த அந்தக் காலத்தில் நீ அடுப்புக்கரியை எடுத்து உங்கள் குசினிச் சுவரில் மாமாவின் பாதத்தை வரைந்தாய். மாமாவை இல்லை, பாதத்தை மட்டும். அட்டை கடித்த தழும்புகளையும் விடவில்லை.

"சாமிய வரைஞ்சாலும் கும்புடலாம். இந்த மனுசன் காலையா வரைவ?" என்றாள் அத்தை.

"இந்தக் காலுதாம்மா மலை ஏறுது. சாமியா ஏறுது?"

அத்தை அகப்பையைத் தூக்கினாள். ஆனால் படத்தை அழிக்கவில்லை. அடுப்புப் புகைதான் கொஞ்சம் கொஞ்சமாக அதை விழுங்கியது.

எனக்குக் கணக்கு ஏறவில்லை. பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அதேதான் செய்கிறேன். நீ பலாங்கொடையில் உயர்தரம் எடுத்து, கொழும்புக்குப் போய்ச் சித்திரம் படித்தாய். முதல் லீவுக்கு வந்தபோது தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாய். அத்தை வாசலிலேயே வைத்து, "எந்தக் கோயிலுக்குடி குடுத்த?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு தடவையும் எதையாவது கேட்டு வாங்கிப் போவாய். ஒரு தடவை பழைய படங்குகள். மலையில் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற சாக்குத்துணிக்குக் கொழும்பில் என்ன வேலை என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் ஒட்டுத் தைத்து, ஒரு சுவர் அளவுக்கு இலங்கை வரைபடம் செய்து தொங்கவிட்டாயாம். பேப்பரில் அதன் போட்டோ வந்தது. ராக்காயி அக்கா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "எம்படங்கு கொழும்புக்குப் போயிருச்சு. நான் இன்னும் கொடகவெலயத் தாண்டல."

"இது எதுக்குடி?" என்று நான் கேட்டேன்.

"பாக்குறவங்களுக்கு உறுத்தணும்."

"எங்களுக்குத்தான் உறுத்துது. புதுப் படங்கு ஆபீஸ்ல இன்னும் குடுக்கல."

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, அதையும் எங்கோ மனதில் குறித்துக்கொண்டாய். உன்னிடம் பேசுவதில் இதுதான் தொல்லை. நாம் சும்மா சொன்னது நாளைக்கு எந்தச் சுவரில் ஏறும் என்று தெரியாது.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. தோட்டத்தைச் சுற்றியிருக்கிற சிங்களக் கிராமங்களை நாடு என்றுதான் நாம் சொல்வோம். நாட்டுப் பக்கத்தில் ஓர் ஆளைக் குத்திவிட்டார்கள். குத்தினது யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தோட்டத்து ஆள்தான் என்று பேச்சு வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் கூட்டமாக வந்தார்கள். நாங்கள் மானாப்புல் மலைக்கு ஏறிப் படுத்துக்கொண்டு, நம் கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தத்தைக் கேட்டோம். உயிர்ச்சேதம் இல்லை. அதைத்தான் எல்லாரும் எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். உயிர் போகவில்லையே, தகரம்தானே போனது என்று. நீ அப்போது கொழும்பில் இருந்தாய்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நாங்கள் தங்கியிருந்த ஸ்கூல் கட்டடத்துக்கு எங்களைத் தேடி வந்தாய். அழுவாய் என்று பார்த்தேன். நீயோ பாய் பாயாகப் போய் உட்கார்ந்து, "ஓடுறப்ப கையில என்ன எடுத்தீங்க?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. இது என்ன கேள்வி, வீடு எரிந்தவர்களிடம்? ஆனால் ராக்காயி அக்கா, "எஞ்சேவல" என்றாள். யாரோ சிரித்தார்கள். அத்தை கொதிக்கக் கொதிக்கக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். "கருவாட்டுக் கொழம்புடி. விட்டுட்டு வர மனசு வல்ல." மாமா கதவைப் பூட்டிவிட்டு ஓடினவர். வீட்டில் சுவரைத் தவிர எல்லாம் எரிந்துபோய்விட்டது, சாவி மட்டும் மடியில் பத்திரமாக இருந்தது. நான் யாரோ பெற்ற பிள்ளையைத் தோளிலும் ஒரு பால்மா டின்னைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு ஓடியிருந்தேன். நெருப்புக்குப் பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக உன்னை அன்றே மன்னித்துவிட்டேன்.

தோட்டம் புதுத் தகரம் போட்டுத் தந்தது. உள்சுவர்களைப் பூசித் தந்தது. தொங்கல் காம்பராவின் வெளிச்சுவர் மட்டும், ரோட்டைப் பார்த்த சுவர், கரி பிடித்தபடியே நின்றது. நீ லீவு போட்டு வந்து, மாமா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு, அந்தக் கரியைச் சுரண்டி ஆட்களை வரைந்தாய். வண்ணம் இல்லை, பிரஷ் இல்லை. கரி போன இடமெல்லாம் ஆள் தெரிந்தது. பூச்சில் கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. நம் உயரத்துக்கே எல்லாரையும் வரைந்தாய். எல்லாரும் ஓடுகிறோம், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தூக்கியது. சேவல் வெகு அழகாக வந்திருந்தது. நான் கொஞ்சம் குண்டாக வந்திருந்தேன், அதைச் சொல்லியும் நீ மாற்றவில்லை.

நான் கேட்டேன். "இதுல நீ எங்கடி?"

"நான் இல்லயே அன்னிக்கி" என்றாய். கத்தியைத் துடைத்துவிட்டு எழுந்து போனாய்.

கொஞ்ச நாள் நம் ஆட்களுக்கு அந்தச் சுவர் ஒரு பெருமை. மாலையில் வந்து நின்று, அவரவரைக் காட்டி ஒருவரை ஒருவர் கேலி பண்ணுவார்கள். பிறகு நாட்டுக் கடை முதலாளி ஒருநாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். கூட்டம் வந்த அந்த மாலை அவர் என்ன செய்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மண்ணெண்ணெய் கொடுத்தார் என்பார்கள். போலீசுக்குப் போன் எடுத்ததே அவர்தான் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டையும் சொன்னவர்களும் அவர் கடை மாவில்தான் ரொட்டி சுட்டார்கள். அவர் நம் தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "மே அப்பிவத அந்தலா தியென்னே?" எங்களையா வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்று.

நீ அவர்களை வரையவே இல்லை. ஓடுகிறவர்களை மட்டும்தான் வரைந்தாய். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது சுரண்டாமல் விட்ட கரி. அந்தக் கரியில் அவர் தன்னைப் பார்த்துவிட்டார்.

தலைவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ரோட்டுலதானே நம்ம புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்பார். அவர் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. நீ வரைந்ததிலும் தப்புத் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இன்னமும் புரண்டுகொண்டு கிடக்கிறேன்.

அப்போதுதான் நீ சொல்லி அனுப்பினாய். கொழும்பில் இருந்து ஆட்களை வேனில் கூட்டி வருகிறேன், கண்காட்சி நடத்துகிற அம்மா வருகிறார், ஒரு வெள்ளைக்காரரும் வருகிறார், சுவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று. சுவரைப் பார்க்க என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். ஆனால் தோட்டத்து ஆட்களின் காதில் 'வருகிறார்கள்' என்பதுதான் விழுந்தது. உனக்குத் தெரியாதா? பெரிய ஆள் வருகிறார் என்றால் இங்கே என்ன நடக்கும்? சாக்கடைக் கானைத் தோண்டுவார்கள், நாயைக் கட்டுவார்கள், லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் இருந்து உடம்பில் ஊறின பழக்கம். நீ அதை மறந்து போகிற அளவுக்குக் கொழும்பில் இருந்துவிட்டாய்.

நான் றக்வானையில் சித்தி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், லயமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வாசலெல்லாம் மாவிலை. தொங்கல் சுவரில் அத்தை ஒருத்தியாக ஏணி போட்டு ஏறி, தும்பு மட்டையால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். ராக்காயி அக்காவின் சேவல் போய்விட்டது. நான் பாதி போய்விட்டேன்.

"அத்தே! என்னா வேல பாக்குறீங்க? அதப் பாக்கத்தானே வாராங்க!"

"வாரவங்களுக்குக் கரிச் சுவரையா காட்டுறது?" என்றாள் அத்தை, திரும்பாமலே. "எம்மக வீட்டப் பாக்க வாராங்க. எம்மக வீடு அழுக்காவா நிக்கணும்?"

கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிப்போனது. சுண்ணாம்பு காய்ந்துகொண்டே இருந்தது.

மறுநாள் நீ வேனை விட்டு இறங்கினாய். வளைவிலேயே உன் கால் நின்றுவிட்டது. அத்தை நீ வாங்கிக் கொடுத்த ஊதாச் சேலையைக் கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தட்டில் தேத்தண்ணியோடு வந்தாள்.

"யாரும்மா அடிச்சது?"

"லயத்த எல்லாரும் அடிச்சாங்க. தொங்கல் சுவர நானே அடிச்சேன் பாப்பா. நல்லாருக்கில்ல?"

அந்தக் கண்காட்சி அம்மா உன்னிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எங்கே என்று கேட்கிறார் என்பது எனக்கே விளங்கியது. நீ வெள்ளைச் சுவரைக் காட்டினாய். பையில் இருந்து கேமராவை எடுத்து அதைப் படம் பிடித்தாய். பிறகு தட்டில் இருந்த தேத்தண்ணியை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். அத்தை அத்தனை பேருக்கு முன்னால் நிற்கும்போது நீ அதைக் குடித்தாய் பார், அதற்காக நான் உன் காலில் விழுந்திருப்பேன்.

வேன் புறப்படுவதற்கு முன்னால் கேட்டேன். "முழுசாக் காயறதுக்குள்ள கழுவிப் பாப்போமாடி?"

"வேணாம். இனி அது என் சுவரில்ல."

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் உன் கண்காட்சி வந்தது. அத்தையையும் கூட்டிக்கொண்டு நான் கொழும்புக்கு வந்தேன். அவளுக்கு அதுதான் முதல் கொழும்பு. உன் போட்டோவை நிஜச் சுவர் அளவுக்கே பெரிதாக்கி மாட்டியிருந்தாய். முழுக்க வெள்ளை. ஓரத்தில் ஒரு மாவிலை மட்டும். ஆட்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அடிச்ச சுண்ணாம்பு" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னாள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. வாசித்துக் காட்டு என்றாள் என்னிடம். வாசித்தேன். வேறு எதையாவது மாற்றி வாசித்திருக்கலாம் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தம் காயத்தின் மேல் தாமே சுண்ணாம்பு பூசி மறைத்துக்கொண்டவர்களின் சுவர் என்று எழுதியிருந்தாய்.

நீ ஓடி வந்தாய். "நாங்க மறைச்சோமாடி?" என்று அத்தை கேட்டாள்.

"மறைக்கலயாம்மா? முதலாளி கேட்ட பொறகுதானே அடிச்சீங்க? பயந்துபோய்தானே அடிச்சீங்க?"

"ஒன்னப் பாக்க வாரவங்களுக்காக அடிச்சேன்."

"பொய் சொல்லாதம்மா."

அத்தை குரலை உயர்த்தவில்லை. "எரியிறப்ப நீ அங்க இல்ல. எழுதுறப்ப மட்டும் ஒனக்கு எல்லாம் தெரியுது" என்றாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் இரத்தினபுரி தாண்டியதும், "அந்தப் புள்ள எளைச்சுப் போச்சு, கவனிச்சியா?" என்றாள்.

அட்டையை மறுநாளே நீ கழற்றிவிட்டாய் என்று போனில் சொன்னாய். நான் அத்தையிடம் சொன்னேன். "அது அவ வேல" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தீபாவளிக்கு நீ வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இரண்டு பேருக்கும் அதே பிடிவாதம், ஒரே அச்சு. நடுவில் நான் ஒருத்தி தபால்காரி மாதிரி.

மாமா செத்ததற்குத்தான் வந்தாய். காரியம் முடிந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில்கூட சாயம் இல்லை.

"வேலை ஒண்ணும் செய்யலயாடி?"

"முடியல. எந்தச் சுவரத் தொட்டாலும் அம்மா ஏணில நிக்கிறது தெரியுது. அவங்க பயந்து அடிச்சாங்களா, எனக்காக அடிச்சாங்களா? அது தெரியணும் எனக்கு. அது தெரியாம ஒரு கோடு போட முடியல."

"வீட்டுலதானே இருக்காங்க. போய்க் கேளேன்."

"பயந்துதான்னு சொன்னா நான் எழுதினது சரி. அப்ப எங்கம்மாவ ஊரு முன்னாடி நிக்க வச்சது சரின்னு ஆகும். எனக்காகன்னு சொன்னா…" நீ முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

அத்தையிடம் அன்றே கேட்டேன். "சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது என்னா அதிசயமா? போடி, வேலையப் பாரு" என்றாள். அடுத்த மழைக்காலத்தில் கொழும்பில் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். போன் வந்து, நாங்கள் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது முடிந்துவிட்டது. உன்னை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தோம். அத்தை உன் கையை எடுத்து, விரல் விரலாகப் பார்த்தாள். அவளும் சாயம் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி தொங்கல் சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடிக்கிறாள். வேறு யாரையும் விடமாட்டாள். மற்றச் சுவர்களில் பழைய பொருக்கைச் சுரண்டிவிட்டுத்தான் அடிப்போம். அவள் அந்தச் சுவரில் மட்டும் சுரண்ட விடமாட்டாள், அதன் மேலேயே பூசுவாள். வயசாகிவிட்டது, வீம்பு பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் யுத்தம் முடிந்தது என்றார்கள். கடைவீதியில் பட்டாசு. ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள், நாங்களும் கையேந்தி வாங்கித் தின்றோம். இனி பஸ்ஸில் குண்டு வெடிக்காது, பிள்ளைகள் டவுனுக்குப் போய்வரலாம் என்று மனம் ஒரு பக்கம் ஆறியது உண்மை. ஆனால் முதல் பட்டாசு வெடித்ததும் என் கால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்ததும் உண்மைதான். மடுவத்துப் பிள்ளைகள் அழுதன. ரோட்டோரம் இருக்கிற லயங்களிலெல்லாம் தேசியக் கொடி பறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் சொன்னது என்று கேட்க வேண்டாம், அப்படிச் சொல்லுகிறவர்களுக்குப் பேர் இருப்பதில்லை.

தலைவர் கொடியும் கம்பும் சுத்தியலுமாக வந்தார். ரோட்டுக்குத் தெரிகிற சுவர் தொங்கல் சுவர்தான். ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டியிருப்பார். அத்தை உள்ளே இருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"ஆணிய எடு."

"என்னாக்கா, மேல இருந்து சொல்லிருக்காங்க. கட்டலன்னா வம்பு."

"கொடிய எங்க வேணும்னாலும் கட்டு, நான் வேணாங்கல. இதுல அடிக்காத. உள்ள ஆளுங்க இருக்காங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நானும் விழித்தேன். அத்தை சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். "இது எம்புருசன். இங்க இருந்து இதுவரைக்கும் ராக்காயி. இந்தா, இந்தக் குண்டம்மா" என்று என்னைக் காட்டினாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். அடி, உன் கத்தி போன தடம் அத்தனையும் இருக்கிறது! அத்தனை பூச்சுக்கும் கீழே, விரலுக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"நீ ஆணி வச்சிருக்கிறது யாரு நெஞ்சுன்னு தெரியுமா?" என்று அத்தை தலைவரைக் கேட்டாள். அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். "அது நீதான்டா. குடையத் தூக்கிக்கிட்டு ஓடுற."

தலைவர் கையை எடுக்கவில்லை. தோளில் இருந்து தலைக்கும், தலையில் இருந்து கைக்கும் மெல்லத் தடவிப் பார்த்தார். அத்தனை பெரிய மனுஷன், தொழிற்சங்கக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவர், வாய் கோணி நின்றார். பிறகு ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொடியைத் தண்ணிப் பைப்புக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு விட்டால் இனிக் கிடைக்காது என்று நான் அத்தையின் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "அத்தே, இன்னிக்காவது சொல்லுங்க. பயந்தா அடிச்சீங்க?"

"பயந்துதான்டி அடிச்சேன். பயமில்லாம இங்க யாரு இருந்தா?" என்றாள். கையில் ஒட்டிய சுண்ணாம்பைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நாங்கல்லாம் மலையில இருந்து எறங்கி வீட்டுக்கு வந்துட்டோம். இவங்க மட்டும் ரோட்டப் பாத்துக்கிட்டு ஓடிக்கிட்டே நின்னாங்க. போறவன் வாரவன் எல்லாம் மொறைச்சுட்டுப் போனான். எம்புள்ள செஞ்ச ஆளுங்கள வெளிய நிக்க வச்சுட்டு, நான் உள்ள போயிப் படுக்கவா? எத்தன நாளைக்குத்தான் அவங்க ஓடுவாங்க? அதான் உள்ள எடுத்து வச்சேன்."

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே அத்தே!"

"அவ எங்கடி கேட்டா? எழுதித்தானே வச்சா."

பதில் இதுதான். நீ பயந்த பதில் இது இல்லை, எழுதி வைத்ததும் இது இல்லை. இதைச் சுமந்துகொண்டு மடுவத்துக்குப் போகிறேன், தொட்டில் ஆட்டுகிறேன், டவுனுக்குப் போகிறேன், பஸ்ஸைத் தவறவிடுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கி வைக்க இடமில்லை. நெஞ்சு ஆறவில்லையடி. அந்தத் தேத்தண்ணியைக் குடித்தாயே, அப்போதாவது, தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதாவது, அவள் முகத்தைப் பார்த்து, ஏன் என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாமே.